தூணுக்கு நடுவுல பைப் விடலாமா? மூங்கில் காலியாத்தானே இருக்குன்னு கேட்டவருக்கு

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். வீட்டுக்கு முன்னாடி போர்ட்டிகோ வருது, அதுக்கு மேல ஒரு ரூம், முன்பக்க மூலையில ஒன்பதுக்கு ஒன்பது இன்ச் தூண். மொட்டைமாடி மழைத்தண்ணி இறங்கற நாலு இன்ச் பிவிசி பைப் வெளியில தெரிஞ்சா எலிவேஷன் கெட்டுப்போகும்னு, கம்பி கட்டும்போதே தூணுக்கு நட்டநடுவுல பைப்பை நிறுத்தி சுத்தி கான்கிரீட் போட்டுடலாம்ங்கறார் மேஸ்திரி, இப்படி அம்பது வீட்டுல போட்டிருக்கேன் ஒண்ணும் ஆகலைங்கறார். இன்ஜினியர் கூடவே கூடாதுங்கறார், ஆனா ஏன்னு சொல்லலை. இதுக்கு நடுவுல நீங்க எங்கயோ படிச்சிருக்கீங்க, மூங்கில் உள்ள காலி, தொடை எலும்பு உள்ள காலி, நடுவுல இருக்கற பொருள் பாரமே தாங்கறதில்லை, அதனாலதான் இயற்கை அதை காலியா விட்டிருக்குன்னு. அப்ப தூணுக்கு நடுவுல ஓட்டை இருந்தா மட்டும் என்னன்னு கேக்கறீங்க.

அதாவது பைப் விடலாமாங்கறது மேல தெரியற கேள்வி. அடியில இருக்கறது, தூணோட நடுப்பகுதி சும்மா இருக்கா, வேலை செய்யுதாங்கறது. நான் 22 வருஷமா ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்ணிட்டிருக்கேன், பெரும்பாலும் வீடு, சின்ன ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் மாதிரி கட்டடங்கதான், அதுல பாதி நாள் பழைய கட்டடத்துல விரிசல் பாக்கற வேலை. கான்கிரீட், கம்பி பத்தி சொல்றது கையால பாத்தது. மரம், எலும்பு பத்தி சொல்றது ஆர்வத்துல படிச்சது, அந்தத் துறைக்காரங்க யாராவது இங்க இருந்தா திருத்துங்க. பதில் என்னன்னா பைப் வேண்டாம், உங்க இன்ஜினியர் சொன்னதுதான் சரி. ஆனா அதுக்கான காரணம், தூண்ல பொருள் கொறைஞ்சு உடனே விழுந்துடும்ங்கறது இல்லை, அதை மட்டும் சொன்னா மேஸ்திரிகிட்ட நீங்க வாதாடி ஜெயிக்க முடியாது.

முதல்ல நீங்க படிச்சது எங்க சரி, எங்க பாதியில நிக்குதுன்னு பாப்போம். ஒரு மூங்கிலை ரெண்டு கல்லு மேல படுக்க வச்சு நடுவுல ஒரு ஆள் உக்காந்தா அது வளையும். வளையும்போது மேல்பக்கம் அமுங்குது, கீழ்பக்கம் இழுபடுது, நடுவுல ஒரு கோடு அமுங்கவும் இல்லாம இழுபடவும் இல்லாம சும்மா இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி இருக்கற பொருள் வளைவை எதிர்க்க கிட்டத்தட்ட எதுவுமே செய்யறதில்லை. அதனால அதை எடுத்து வெளிச்சுத்துக்கு கொண்டுபோனா அதே எடையில நல்ல லாபம். கணக்கா சொல்லணும்னா, சுவர் தடிப்பு விட்டத்துல பத்துல ஒரு பங்கு இருக்கற ஒரு குழாயை எடுத்துக்குங்க, அதே எடையுள்ள கெட்டியான கம்பை விட அது வளைவுக்கு நாலரை மடங்கு விறைப்பா நிக்கும். பறவை எலும்பையும் நாணலையும் காட்டி இதை கலிலியோ 1638லயே எழுதிட்டார், புதுசு ஒண்ணும் இல்லை. மூங்கிலுக்கு வாழ்க்கை பூரா காத்துதான் எதிரி, அதோட சொந்த எடை அதுக்கு ஒரு பொருட்டே இல்லை, காத்துன்னா வளைவு, அதனால காலியா இருக்கறது அதுக்கு பொருத்தம். தொடை எலும்பும் அப்படித்தான், அதோட மேல்முனை பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கறதால நாம நிக்கும்போதும் நடக்கும்போதும் அதுக்கு நேர் பாரத்தோட வளைவும் சேர்ந்தே வருது.

ஆனா தூண் மேல பாரம் நேரா கீழ இறங்கும்போது கதை வேற. அங்க சும்மா இருக்கற கோடுன்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும், ஓரமோ நடுவோ, சமமா அமுங்கும், சமமா தாங்கும். நீங்க படிச்ச வரி வளைவுக்கு எழுதினது, நீங்க அதை நேர் பாரத்துக்கு போட்டு பாத்துட்டீங்க, குழப்பம் அங்கதான். உங்க தூணையே எடுத்துக்குவோம். 230க்கு 230 மிமீ, பரப்பு 529 சதுர செமீ. நாலு இன்ச் பைப்போட வெளிவிட்டம் 110 மிமீ, அது சாப்பிடற பரப்பு 95 சதுர செமீ. நேர் பாரத்துக்கு 18 சதவீதம் போச்சு. அதே ஓட்டையால வளைவு விறைப்புல எவ்வளவு போகும்னு போட்டு பாத்தா 3 சதவீதம்தான் வருது. அதே தூண், அதே ஓட்டை, எந்த வேலைக்குன்னு கேட்டா விடை ஆறு மடங்கு மாறுது. மூங்கில் இந்த 3 சதவீத வேலையில இருக்கு, உங்க போர்ட்டிகோ தூண் முக்கியமா அந்த 18 சதவீத வேலையில இருக்கு.

இப்ப மேஸ்திரி பக்கம் இருக்கற நியாயத்தையும் சொல்லணும். எம்20 தர கான்கிரீட், நாலு மூலையில நாலு 12 மிமீ கம்பி, பாரம் நட்டநடுவுல நேரா இறங்குதுன்னு வச்சு ஐஎஸ் 456ங்கற இந்திய கான்கிரீட் விதிநூல் சூத்திரத்துல தோராயமா போட்டா அந்தத் தூண் பாதுகாப்பா 37 டன் தாங்கும், பைப் விட்டா 32 டன். மேல ஒரு ரூம் இருக்கற போர்ட்டிகோ மூலைத் தூணுக்கு வர்ற பாரம் சாதாரணமா இதுல பாதிக்கும் கீழதான் இருக்கும். மூலைத் தூண்ங்கறதால பாரம் ஒருபக்கமா சாஞ்சு வரும், அப்ப இந்த 37ம் கொறையும், 32ம் கொறையும், இருந்தாலும் வெறும் பரப்பு கணக்கை மட்டும் வச்சு பாத்தா தூண் நிக்கும். அவர் அம்பது வீட்டுல போட்டு ஒண்ணும் ஆகலைன்னு சொல்றது பொய் இல்லை. ஆகலைங்கறதை எத்தனை வருஷம் கழிச்சு போய் பாத்தார்ங்கறதுதான் கேக்க வேண்டியது, ஏன்னா பிரச்சினை வர்றது கான்கிரீட் போட்ட மாசம் இல்லை, ஏழு எட்டு மழைக்காலம் போன அப்புறம்.

அந்தப் பிரச்சினை எங்கேருந்து வருதுன்னு பாக்க ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு தூண் கம்பிக்கூட்டை அளந்து பாருங்க. 230ல ரெண்டு பக்கமும் 40 மிமீ கவர், அதாவது கம்பியை மூடற வெளி கான்கிரீட், போனா மிச்சம் 150. மெயின் கம்பிகளை சுத்தி கட்டற ரிங் கம்பி 8 மிமீ, ரெண்டு பக்கம் போனா உள்ள 134. அதுல 110 மிமீ பைப்பை நிறுத்தினா பைப்புக்கும் ரிங்குக்கும் நடுவுல ஒவ்வொரு பக்கமும் 12 மிமீ இடைவெளி. நீங்க போடற ஜல்லி முக்கால் இன்ச், அதாவது 20 மிமீ. பன்னண்டுக்குள்ள இருபது போகாது. மேலேருந்து கொட்டும்போது ஜல்லி அங்கயே மாட்டிக்கும், சிமெண்ட் பால் மட்டும் கீழ இறங்கும், வைப்ரேட்டர் ஊசியை விடவும் இடம் இல்லை, அதனால ஆளுங்க வெளியில பலகையை சுத்தியலால தட்டுவாங்க. பலகை பிரிச்சா அடியில தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அதை சிமெண்ட் பாலால மெழுகிட்டு பூச்சு பூசிடுவாங்க. சில இடத்துல இடம் பத்தலைன்னு கவரை 40லேருந்து 15க்கு கொறைச்சுக்குவாங்க, அது இன்னும் மோசம். நான் போட்ட 32 டன் கணக்கு, சுத்தி இருக்கற கான்கிரீட் முழு கான்கிரீட்டா இருந்தா வர்ற கணக்கு, தேன்கூட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அடுத்தது ரிங். இதை நம்ம ஊர்ல கம்பியை பிடிச்சு வைக்கற கட்டுன்னு மட்டும் நெனைக்கறாங்க, அதோட உண்மையான வேலை மூங்கில்ல கணு செய்யற வேலை. ஒரு துடைப்பக்குச்சியை எடுத்து நிக்க வச்சு மேலேருந்து விரலால அமுக்குங்க, அது நசுங்காது, பக்கவாட்டுல வில்லா வளையும். இப்ப நடுவுல இன்னொரு கையால லேசா பிடிச்சுக்கிட்டு அமுக்கினா நாலு மடங்கு விசை கேக்கும். அந்த லேசான பிடிதான் விஷயம், பிடிக்கற கைக்கு பாரமே தெரியாது. ஆய்லர்னு ஒரு கணித மேதை 1744ல இதுக்கு சூத்திரம் போட்டார், நீளம் பாதியானா தாங்கற விசை நாலு மடங்கு. சென்ட்ரிங் ஆளுங்க சவுக்குக்கட்டை முட்டுக்கு நடுவுல குறுக்கே ஒரு கட்டையை வச்சு கட்டறாங்களே, அது இதுதான், அவங்களுக்கு ஆய்லர் தெரியாது ஆனா கட்டலைன்னா என்ன ஆகும்னு தெரியும். தூண்ல இருக்கற 12 மிமீ கம்பியும் பத்தடி நீள துடைப்பக்குச்சிதான், ஒவ்வொரு ரிங்கும் அதை பிடிக்கற கை. அதனாலதான் ஐஎஸ் 456 ரிங் இடைவெளி மெல்லிசான கம்பி விட்டத்துல 16 மடங்கை தாண்டக்கூடாதுங்குது, 12 மிமீ கம்பின்னா 192 மிமீ. மூங்கில்ல கணு இல்லாம வெறும் குழாயா இருந்தா வளையும்போது வட்டம் தட்டையாகி சப்பளிஞ்சு ஒடியும், கணுவுல குறுக்கே இருக்கற தட்டு அந்த வட்டத்தை வட்டமாவே வச்சிருக்கு.

இந்த குறுக்குப் பிடி பத்தாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு எங்க துறையில எல்லாரும் படிக்கற உதாரணம் கனடாவுல கியூபெக் பாலம். செயின்ட் லாரன்ஸ் நதி மேல கட்டிக்கிட்டு இருக்கும்போது 1907 ஆகஸ்ட் 29ம் தேதி சாயங்காலம் விழுந்தது, மேல வேலை செஞ்ச 86 பேர்ல 75 பேர் செத்துப் போனாங்க. கீழ்ப்பக்கம் அமுக்கத்துல இருந்த பெரிய உறுப்புகள் ஒவ்வொண்ணும் நாலு எஃகு பலகையை இணையா நிறுத்தி, குறுக்கும் நெடுக்குமா சின்ன எஃகு பட்டைகளை ரிவெட் அடிச்சு ஒண்ணா பிணைச்சது. பாரம் தாங்கறது பலகைதான், பட்டை நேரா பாரமே வாங்கறதில்லை, அதனால அது மெல்லிசா இருந்தா போதும்னு விட்டுட்டாங்க. விசாரணையில தெரிஞ்சது, அந்தப் பட்டையும் ரிவெட்டும் பலவீனமா இருந்ததால நாலு பலகையும் ஒண்ணா சேர்ந்து நிக்க முடியாம வளைஞ்சு முறிஞ்சிருக்கு. பாலத்தோட சொந்த எடையையும் கொறைச்சு கணக்கு போட்டிருந்தாங்க, அதுவும் ஒரு காரணம். விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒரு உறுப்பு ரெண்டு இன்ச்சுக்கு மேல வளைஞ்சு இருந்ததை அளந்து வச்சிருக்காங்க, வேலையை நிறுத்தறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. எனக்கு இதை படிச்ச நாள்லேருந்து தூண் கம்பி கட்டின இடத்துல நான் முதல்ல பாக்கறது மெயின் கம்பியை இல்லை, ரிங்கைத்தான்.

பைப் விட்டா ரிங்குக்கு என்ன ஆகுதுன்னா, ரிங்கோட ரெண்டு முனையும் 135 டிகிரி மடங்கி தூணோட நடுப்பகுதிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கணும், கொக்கி நீளம் 65லேருந்து 75 மிமீ. அப்பத்தான் தூண் ஆட்டம் கண்டு கவர் பேந்து போனாலும் கொக்கி உள்ள கான்கிரீட்டை பிடிச்சுக்கிட்டு திறக்காம இருக்கும். உங்க தூண்ல ரிங்கோட உள்மூலையிலேருந்து பைப் வரைக்கும் இருக்கற தூரம் 40 மிமீ, அதுலயும் ஒரு 12 மிமீ கம்பி உக்காந்திருக்கு. கொக்கி போக இடமே இல்லை, பைப்பை இடிக்கும். கம்பி கட்டறவர் என்ன பண்ணுவார், கொக்கியை 90 டிகிரிலயே மடிச்சு கவர் பக்கம் விட்டுடுவார். பாக்க ரிங் மாதிரிதான் இருக்கும், பூகம்பம் வந்தா திறந்துக்கும். 2001 ஜனவரி 26 புஜ் பூகம்பத்துல தூரத்துல இருந்த அகமதாபாத்துலயே கீழ பார்க்கிங் விட்டு தூண் மேல நின்ன அடுக்குமாடிகள் விழுந்தது, அதுக்கப்புறம் இந்த விஷயத்துல எங்க துறை ரொம்ப கவனமாச்சு. பூகம்ப விதிகளுக்கான ஐஎஸ் 13920 2016 திருத்தத்துல தூணோட குறைஞ்ச அளவே 300 மிமீன்னு ஆக்கிட்டாங்க, அந்தக் கணக்குல உங்க ஒன்பது இன்ச் தூண் பைப் இல்லாமலே சின்னதுதான்.

இன்னொண்ணு, இதை நான் ரொம்ப அழகான விஷயமா நெனைக்கறேன். மூங்கில்ல கிளை எங்கேருந்து வருதுன்னு பாருங்க, கணுவுலேருந்துதான் வரும், காலியா இருக்கற இடத்துலேருந்து வரவே வராது. தொடை எலும்பை நெடுக்கா வெட்டின படம் கிடைச்சா பாருங்க, நடுத்தண்டு காலி, மஜ்ஜை மட்டும், ஆனா இடுப்போட சேர்ற மேல்முனையும் முழங்காலோட சேர்ற கீழ்முனையும் காலி இல்லை, வலை மாதிரி மெல்லிசு மெல்லிசான எலும்புத் தகடுகளால நிரம்பி இருக்கும். 1866 வாக்குல சூரிச் நகரத்துல மேயர்ங்கற உடற்கூறு பேராசிரியர் வரைஞ்ச இந்த வலையோட படத்தை குல்மன்ங்கற இன்ஜினியர் பாத்துட்டு, இது நான் கிரேனுக்கு போடற விசைக்கோடு மாதிரியே இருக்கேன்னு சொல்லியிருக்கார். அந்த ஒப்பீடு எவ்வளவு துல்லியம்னு இன்னிக்கு வரைக்கும் ஆராய்ச்சிக்காரங்க விவாதிக்கறாங்க, கோடுக்கு கோடு பொருந்தாது, ஆனா எலும்பு தன் மேல வர்ற பாரத்துக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்குதுங்கறது உறுதி. விஷயம் என்னன்னா இயற்கை தண்டைத்தான் காலியா விடுது, மூட்டை காலியா விடறதில்லை. ஒரு உறுப்பு இன்னொண்ணோட சேர்ற இடத்துல விசை திசை மாறுது, அங்க பொருள் வேணும்.

உங்க தூண்ல அந்த மூட்டுங்கறது பீமும் தூணும் சேர்ற இடம். ரெண்டு பக்கத்துலேருந்து வர்ற பீம் கம்பி எல்லாம் அந்த 230க்கு 230 சதுரத்துக்குள்ள புகுந்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மடங்கி பிடிச்சு நிக்கணும். நடுவுல 110 மிமீ பைப் நின்னா பீம் கம்பி எங்க போகும்? ஒதுங்கி ஓரத்துக்கு போகும், இல்லைன்னா மடங்க வேண்டிய கம்பியை அங்கயே வெட்டிடுவாங்க. பைப் போற வழியில மோசமான இடம் தூணோட நடுப்பகுதி இல்லை, இந்த ஒரு அடி உயரம்தான். மூங்கிலை உதாரணம் காட்டறவங்க கணுவுல ஓட்டை போட்ட மூங்கிலை உதாரணம் காட்டணும்.

வயிரம், அதாவது தண்டுல கெட்டியான பகுதி, எங்க இருக்குங்கறதும் முக்கியம். தொல்காப்பியம் மரபியல்ல தாவரத்தை ரெண்டா பிரிச்சிருக்கு, வெளியில வயிரம் இருந்தா புல், உள்ள வயிரம் இருந்தா மரம், புறக்காழ், அகக்காழ்னு பேரு. மூங்கில், பனை, தென்னை எல்லாம் அந்தக் கணக்குல புல்லுதான், இன்னிக்கு தாவரவியலும் அதை ஒரு பக்கமாத்தான் வைக்குது. பழைய ஓட்டு வீட்டுல பனஞ்சட்டம் போட்டவங்களுக்கு தெரியும், பனையில வெளிச்சுத்துதான் இரும்பு, நடுவுல சோறு, சட்டம் அறுக்கறவர் சோத்தை கழிச்சுட்டு வயிரத்தைத்தான் எடுப்பார். மூங்கில்லயும் நார் வெளித்தோல் பக்கம் நெருக்கமா, உள்பக்கம் கலைசலா இருக்கும். அதாவது நடுவை காலி பண்ணினதுக்கு ஈடா விளிம்பை கெட்டி பண்ணியிருக்கு. பைப் விட்ட தூண்ல நீங்க நடுவை காலி பண்றீங்க, ஆனா விளிம்புக்கு எதுவும் சேக்கறதில்லை, மேல சொன்ன மாதிரி விளிம்பு முன்ன இருந்ததை விட மோசமாத்தான் ஆகுது.

மரத்தை பத்தி பேச்சு வந்ததால இன்னொரு விஷயம், கேள்விக்கு கொஞ்சம் வெளியில போறேன். மரக்கட்டை இழுப்புக்கு நல்லா நிக்கும், அமுக்கினா நார் மடிஞ்சுடும். அதனால பெரும்பாலான மரங்க வளரும்போதே தண்டோட வெளிச்சுத்தை இழுத்து வச்ச மாதிரி வளருது, காத்துல வளையும்போது அமுக்கம் வர்ற பக்கம் முதல்ல அந்த இழுப்பை கழிச்சுட்டுத்தான் அமுங்கும். தைலமரத்தை மரவாடியில அறுக்கும்போது முனையில சடசடன்னு வெடிப்பு விடுதே, பலகை வில்லா வளைஞ்சு பிரியுதே, உள்ள பூட்டி வச்சிருந்த அந்த விசைதான் அது. கான்கிரீட் நேர் எதிர், அமுக்கத்துக்கு நல்லா நிக்கும், இழுப்புக்கு பத்துல ஒரு பங்குகூட தேறாது, அதனால பாலத்து கர்டர்ல கேபிளை இழுத்து கட்டி முன்கூட்டியே அமுக்கி வைக்கறோம், ப்ரெய்சினேங்கற பிரெஞ்சு இன்ஜினியர் 1928ல காப்புரிமை வாங்கினது. யோசனை ஒண்ணுதான், மரம் அதை எத்தனையோ காலமா செஞ்சுக்கிட்டு இருக்கு.

அப்ப மனுஷன் கட்டற தூண் காலியாவே இருக்கக்கூடாதான்னு கேட்டா, இருக்கலாம், இருக்கு. பிரான்சுல மில்லோ பாலத்தோட உயரமான தூண் 245 மீட்டர், உள்ள காலி. கொங்கன் ரயில்வேல ரத்னகிரி பக்கம் பன்வல் நதி மேல 64 மீட்டர் உயரத்துல ரயில் போகுது, அந்தத் தூண்களும் எண்கோணமா உள்ள காலியா இருக்கறதுதான். அவ்வளவு உயரத்துல காத்தும் வளைவும்தான் பெரிய விஷயம், அதனால மூங்கில் கணக்கு அங்க செல்லும். ஆனா அந்த மாதிரி தூண்ல சுவர் நல்ல தடியா இருக்கும், உள்பக்கம் ஒரு அடுக்கு கம்பி, வெளிப்பக்கம் ஒரு அடுக்கு கம்பி, ரெண்டையும் பிணைச்சு குறுக்குக் கம்பி, மேல பாலம் உக்கார்ற இடமும் அடியில அஸ்திவாரத்தோட சேர்ற இடமும் கெட்டியா நிரப்பியிருக்கும். அதுல ஓட்டை டிசைன்லயே இருக்கு. உங்க தூண்ல டிசைன் கெட்டித் தூணுக்கு போட்டது, ஓட்டை அப்புறம் வர்றது.

நான் நேரா பாத்த ஒரு தூணை பத்தி சொல்றேன். வீடு கட்டி எட்டு வருஷம், போர்ட்டிகோ தூண்ல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு நேர்கோட்டு விரிசல், மழை பெஞ்சா அந்தப் பக்கம் பூச்சு ஈரமாகுதுன்னு கூப்பிட்டாங்க. சின்ன சுத்தியால தட்டிக்கிட்டே வந்தேன், முழங்கால் உயரத்துல சத்தம் மாறுச்சு. பூச்சை கொத்தினா துரு தண்ணி கறை, அதுக்குள்ள பால் இல்லாத வெறும் ஜல்லி, விரலால கிள்ளினா உதிருது, அதுக்குப் பின்னாடி பைப் தெரியுது. பைப்பை வெளியில எடுக்க எல்போ வச்ச இடத்துல ரெண்டு ரிங்கை வெட்டியிருந்தாங்க. எல்போ ஒட்டு விட்டுப்போய் எத்தனை மழைக்காலமோ தண்ணி உள்ளயே கசிஞ்சிருக்கு. மூலைக் கம்பியை பிரஷ்ல தேச்சு வெர்னியர்ல அளந்தேன், 12 மிமீ கம்பி 9 மிமீ இருந்துது. மூணு மிமீதானேன்னு தோணும், பரப்புல போட்டா 44 சதவீதம் போச்சு. துரு இரும்பை விட ரெண்டுலேருந்து ஆறு மடங்கு இடம் கேக்கும், அது உப்பி கவரை வெளியில தள்ளினதுதான் அந்த நேர்கோட்டு விரிசல். பீமுக்கு அடியில முட்டு கொடுத்து, பைப்பை அடைச்சு க்ரவுட்ங்கற இளகின சிமெண்ட் கலவையை ஊத்தி, சுத்தி நாலு இன்ச்சுக்கு புது கம்பி கட்டி ஜாக்கெட் மாதிரி புது கான்கிரீட் போட்டோம். ஒன்பது இன்ச் தூண் பதினேழு இன்ச் ஆச்சு. அந்த வீட்டம்மா எங்கிட்ட, அன்னிக்கே பைப்பை வெளியில விட்டிருக்கலாமே சார்னு சொன்னப்ப எனக்கு பதில் சொல்ல வரலை.

எலும்பா இருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. எலும்புல ஓயாம பழசு கரைஞ்சு புதுசு வருது, பாரம் ஏறற இடத்துல தடிக்கும், பாரம் இல்லாத இடத்துல கரையும், டென்னிஸ் ஆடறவங்களுக்கு மட்டை பிடிக்கற கை எலும்பு தடிச்சிருக்கும், விண்வெளியில இருக்கறவங்களுக்கு இடுப்பு எலும்புல மாசம் ஒண்ணு, ஒண்ணரை சதவீதம் கரைஞ்சு போகும். மூங்கிலும் எலும்பும் காலியா இருக்க முடியறதுல இந்த உயிருக்கு ஒரு பங்கு இருக்கு, கண்ணுக்கு தெரியாத விரிசலை எலும்பு தானா அடைச்சுக்குது. தூண்ல 2024ல வெட்டின ரிங் 2050லயும் வெட்டின ரிங்தான்.

இதுல எது உறுதி, எது என் அனுமானம்னு பிரிச்சு சொல்லிடறேன். பரப்பு கணக்கு, 12 மிமீ இடைவெளி, கொக்கிக்கு இடம் இல்லாதது, பீம் மூட்டுல கம்பி இடிக்கறது, இதெல்லாம் அளவு, யார் அளந்தாலும் அதே விடைதான். பைப் விட்ட தூண் எல்லாம் கெட்டுப்போகும்னு சொன்னா அது உறுதியான பேச்சு இல்லை, நல்ல ஆளுங்க அரை இன்ச் ஜல்லி போட்டு கவனமா இறக்கி, ஒட்டு கசியாம இருந்தா பல வருஷம் நிக்கும், நின்னிருக்கு. என்கிட்ட வர்றதெல்லாம் விரிசல் விட்ட தூண்தான், நல்லா நிக்கற தூணை யாரும் என்னை கூப்பிட்டு காட்டறதில்லை, அதனால என் பார்வை ஒருபக்கமா சாஞ்சதுங்கறதையும் கணக்குல எடுத்துக்குங்க. உங்க இடத்துல பாரம் எவ்வளவு, மண்ணு எப்படின்னு பாக்காம தூண் பத்துமா பத்தாதான்னு நான் சொல்லக்கூடாது, அதை வரைபடம் போட்ட உங்க இன்ஜினியர்தான் சொல்லணும். விதிகள்ல ஒரு அளவுகோல் வேணும்னா, அமெரிக்க கான்கிரீட் கோடு ஏசிஐ 318ல பல பதிப்புகளா ஒரு வரம்பு இருந்துது, தூணுக்குள்ள புதைக்கற பைப் எல்லாம் சேர்ந்து தூண் பரப்புல 4 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு. உங்க தூணுக்கு 4 சதவீதம்னா 52 மிமீ விட்டம். நீங்க கேக்கற பைப் 18 சதவீதம். ஒரு 25 மிமீ கரண்ட் பைப்னா ஒரு சதவீதம்கூட வராது, அதை ரிங்குக்கு உள்ள ஒழுங்கா கட்டினா நானே ஒத்துக்குவேன்.

என்ன பண்ணலாம்னா, பைப்பை தூணோட பின்பக்க மூலையில, ரோட்டுலேருந்து தெரியாத பக்கம் இறக்குங்க, கிளாம்ப் போட்டு நிறுத்திட்டு சுத்தி சிமெண்ட் போர்டு இல்லைன்னா அரைச்செங்கல் வச்சு பெட்டி மாதிரி மூடிட்டா தூண் பதினஞ்சு இன்ச் அகலத்துல தெரியும், சொல்லப்போனா போர்ட்டிகோவுக்கு ஒன்பது இன்ச் தூணை விட அதுதான் பாக்க நல்லா இருக்கும். பெட்டியில மேல ஒண்ணு, எல்போ பக்கம் ஒண்ணுன்னு திறக்கற மாதிரி மூடி வைங்க, இலை அடைச்சா குச்சி விட்டு எடுக்கலாம். மேல வாய்ல ஜாலி கண்டிப்பா வேணும். உங்க மேஸ்திரிகிட்ட கோடு, சூத்திரம் எல்லாம் பேச வேண்டாம், கம்பிக்கூட்டுக்குள்ள பைப்பை நிறுத்தி, ஒரு முக்கால் இன்ச் ஜல்லியை அவர் கையில கொடுத்து பைப்புக்கும் ரிங்குக்கும் நடுவுல போட சொல்லுங்க, வேலை தெரிஞ்சவர்னா அதுக்கு மேல அவருக்கு விளக்க வேண்டியது இல்லை. ஏற்கனவே பைப்பை உள்ள வச்சு கட்டியாச்சுன்னாலும் கவலை வேண்டாம், கான்கிரீட் போடாத வரைக்கும் கட்டுக்கம்பியை அவுத்தா பைப் மேல வழியா வந்துடும், அரை மணி நேர வேலை, அப்படியே 90 டிகிரில மடிச்சிருக்கற கொக்கி எல்லாத்தையும் உள்பக்கமா திருப்ப சொல்லிட்டு அப்புறமா பலகை அடைக்க சொல்லுங்க.